மாத்திரையை ஒரே நாளில் நிறுத்தினேன். தலைக்குள் ஷாக் அடிக்கிறதே, ஏன்?

கேள்வி: எனக்கு வயது 36. வேளச்சேரியில் வீடு, சிறுசேரியில் ஐ.டி. வேலை. மனச்சோர்வுக்கும் படபடப்புக்கும் இரண்டு வருடமாக ராத்திரி ஒரு மாத்திரை சாப்பிட்டு வந்தேன். அட்டையில் எஸ்சிடலோபிராம் 10 மி.கி., குளோனசிபாம் 0.5 மி.கி. என்று போட்டிருக்கிறது. ஆறு மாதமாக நன்றாகத்தான் இருந்தேன். ‘இன்னும் எத்தனை நாள்தான் இதைப் போட்டுக்கிட்டே இருப்ப?’ என்று அம்மா கேட்டுக்கொண்டே இருந்ததால் ஒரே நாளில் நிறுத்திவிட்டேன். இன்று எட்டாவது நாள். கண்ணைப் பக்கவாட்டில் திருப்பினாலே தலைக்குள் கரண்ட் ஷாக் அடித்த மாதிரி இருக்கிறது. தலைச்சுற்றல், குமட்டல், ராத்திரி முழுக்கக் கெட்ட கனவு, காரணமே இல்லாமல் அழுகை. பக்கத்து கிளினிக்கில் காதுக் கோளாறு என்று மாத்திரை கொடுத்தார்கள், கேட்கவில்லை. பழைய நோய் திரும்பிவிட்டதா? மாத்திரைக்கு அடிமையாகிவிட்டேனா? பல்லைக் கடித்துக்கொண்டு இன்னும் கொஞ்ச நாள் ஓட்டிவிடலாமா?
- ஒரு வாசகி, வேளச்சேரி

பதில்: கடைசிக் கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். ஓட்ட வேண்டாம். இன்றே உங்கள் மனநல மருத்துவரிடம் பேசுங்கள் என்று உங்களுக்கு உடனே மெயில் அனுப்பியிருந்தேன். ஏன் அப்படி அவசரப்படுத்தினேன் என்பதை மற்ற வாசகர்களுக்கும் சேர்த்தே எழுதுகிறேன்.

எனக்குக் கவலை தந்தது தலைக்குள் அடிக்கும் ஷாக் அல்ல. அட்டையில் இரண்டாவதாக இருக்கும் பெயர்: குளோனசிபாம். நம் ஊரில் இந்த இரண்டையும் சேர்த்து ஒரே மாத்திரையாக ஏராளமாக எழுதிக் கொடுக்கிறார்கள். சாப்பிடுகிறவர்களுக்கு உள்ளே இரண்டு மருந்து இருப்பது பெரும்பாலும் தெரிவதில்லை. குளோனசிபாம் பென்சோடயசெபைன் எனப்படும், படபடப்பைத் தணிக்கும் மருந்து வகை. பல வாரங்கள் தொடர்ந்து சாப்பிட்டால் உடம்பு அதைச் சார்ந்து நிற்கப் பழகிவிடும். திடீரென்று நிறுத்தினால் தூக்கமின்மை, கை நடுக்கம், படபடப்பு வரும். சிலருக்கு வலிப்பே வந்துவிடும். இது உடம்பிலிருந்து மெதுவாக வெளியேறும் மருந்து என்பதால், ஒரு வாரம் தாண்டிவிட்டதே, இனி பயமில்லை என்று இருந்துவிட முடியாது.

ஷாக் அடிப்பது, தலைச்சுற்றல், குமட்டல், கெட்ட கனவு எல்லாம் மனச்சோர்வு மருந்தான எஸ்சிடலோபிராமைச் சட்டென்று நிறுத்தியதற்குப் பொருந்துகிற அறிகுறிகள். செரட்டோனின் என்ற மூளை ரசாயனம் கூடுதலாக இருக்கும் நிலைக்கு மூளை இரண்டு வருடமாகத் தன்னைப் பழக்கி வைத்திருந்தது. மருந்து சில நாட்களில் போய்விடுகிறது, மூளை பழைய நிலைக்குத் திரும்ப அதைவிட அதிக நாள் பிடிக்கிறது. இடைப்பட்ட நாட்களின் தடுமாற்றம்தான் இது. கண்ணைத் திருப்பும்போது ஷாக் அடிக்கிறது என்று நீங்களே கவனித்துச் சொன்னது மிகவும் உதவியாக இருந்தது. இந்த அறிகுறியின் அடையாளமே அதுதான். அது அடங்கும் வரை ஸ்கூட்டர் ஓட்டாதீர்கள். சிக்னலில் வலப்பக்கம் வண்டி வருகிறதா என்று பார்க்கும் அந்த நொடியில்தான் அது அடிக்கும்.

பழைய நோய் திரும்பிவிட்டதா என்று கேட்டிருக்கிறீர்கள். நாள் கணக்கைப் பாருங்கள். நிறுத்திய சில நாட்களுக்குள் ஆரம்பித்து, முன்பு உங்களுக்கு இல்லாத உடல் தொந்தரவுகளும் சேர்ந்து வந்தால், பெரும்பாலும் அது நிறுத்தியதன் விளைவு. மருந்தைத் திரும்ப ஆரம்பித்தால் பலருக்குச் சில நாட்களிலேயே அடங்கிவிடும். நோய் திரும்புவது அப்படி இருக்காது. வாரக்கணக்கில், சில நேரம் மாதக்கணக்கில், மெல்ல மெல்ல வரும்: எதிலும் பிடிப்பில்லாமல் போவது, காலையில் எழவே மனமில்லாதது என்று உங்களுக்கு ஏற்கெனவே தெரிந்த முகத்தோடு. இந்த வித்தியாசம் தெரியாமல், ‘மாத்திரை இல்லாமல் என்னால் வாழவே முடியாது’ என்று எத்தனையோ பேர் முடிவுகட்டிவிடுகிறார்கள். அதைப் பார்க்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

நிறுத்துகிற எல்லோருக்கும் இப்படி வருவதில்லை. பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து 2024-இல் ‘லான்செட் சைக்கியாட்ரி’ இதழில் வந்த கட்டுரையில், மனச்சோர்வு மருந்தை நிறுத்தியவர்களில் சுமார் 31 சதவீதம் பேருக்கு ஏதாவது ஒரு அறிகுறி வந்திருந்தது. மருந்தே இல்லாத போலி மாத்திரையை நிறுத்தியவர்களிலும் 17 சதவீதம் பேருக்கு வந்திருந்தது. கடுமையாக வந்தது ஏறத்தாழ 3 சதவீதம் பேருக்கு. நீண்ட காலம் சாப்பிட்டவர்களுக்குத் தொந்தரவு கூடுதலாக இருக்கலாம். எந்த மருந்து என்பதும் முக்கியம். வென்லாஃபாக்சின், பராக்சிடின் போன்றவை சீக்கிரம் வெளியேறுபவை. பொங்கலுக்கு ஊருக்குப் போகும்போது அட்டையை மறந்து வைத்துவிட்டால் இரண்டாம் நாளே தெரிந்துவிடும். ஃப்ளூவாக்செடின் வாரக்கணக்கில் உடம்பில் தங்குவதால் அதில் தொந்தரவு குறைவு.

அடிமையாகிவிட்டேனா என்ற கேள்விக்கு: எஸ்சிடலோபிராம் மேல் யாருக்கும் ஏக்கம் வருவதில்லை, டோஸை ஏற்றிக்கொண்டே போகவும் தோன்றாது. குளோனசிபாமில் உடம்பு சார்ந்துவிடுவது உண்மை. ஆனால் டாக்டர் எழுதிக் கொடுத்ததை அதே அளவில் சாப்பிட்டு வந்த உங்கள் மேல் அதில் ஒரு குற்றமும் இல்லை. அம்மாவிடமும் இதைச் சொல்லுங்கள். அவர்கள் கேட்டது அக்கறையில்தான்.

இனி என்ன நடக்கும்? உங்கள் மருத்துவர் அநேகமாக இரண்டு மருந்தையும் தனித்தனி மாத்திரையாகப் பிரித்துக் கொடுப்பார். ஒன்றாக இருக்கும்வரை ஒன்றை மட்டும் குறைக்க முடியாது. உடம்பு நிலைக்கு வந்தபிறகு ஒரு நேரத்தில் ஒரு மருந்தைத்தான் குறைப்பார்கள். எவ்வளவு மறுபடி ஆரம்பிப்பது என்பதை நீங்களாக முடிவு செய்யாதீர்கள்.

குறைப்பதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. எஸ்சிடலோபிராமில் 10 மி.கி.யிலிருந்து 5-க்கு வருவது பலருக்குச் சுலபமாக இருக்கும். 5-லிருந்து பூஜ்யத்துக்குப் போவதில்தான் திணறுவார்கள். கடைசிப் படி மட்டும் மற்றவற்றைவிட உயரமாகக் கட்டப்பட்ட மாடிப்படி மாதிரி. காரணம், இந்த மருந்துகள் குறைந்த டோஸிலேயே மூளையில் பெரும்பகுதி வேலையைச் செய்துவிடுகின்றன. 2019-இல் ஹோரோவிட்ஸ், டெய்லர் என்ற இரு ஆய்வாளர்கள் இதை விளக்கி எழுதியபிறகு, கடைசிக் கட்டத்தில் சின்னச் சின்ன அளவாக, பல வாரங்கள் அல்லது மாதங்கள் எடுத்துக் குறைக்கும் முறை பரவியிருக்கிறது. ஒரு நாள் விட்டு ஒரு நாள் சாப்பிடுவது குறைப்பது ஆகாது. ரத்தத்தில் மருந்தின் அளவு ஏறி இறங்கி, தொந்தரவுதான் கூடும்.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். நீண்ட காலம் மருந்து சாப்பிட்டு, நிறுத்தலாம் என்ற அளவுக்குத் தேறியவர்களை வைத்து பிரிட்டனில் நடந்து 2021-இல் வெளியான ஆய்வில், ஒரு வருடத்துக்குள் நோய் திரும்பியது தொடர்ந்தவர்களில் 39 சதவீதம், நிறுத்தியவர்களில் 56 சதவீதம். நிறுத்தியும் நன்றாக இருப்பவர்கள் நிறையப் பேர். ஆனாலும் அப்ரைசல் நேரம், வீடு மாறும் நேரம் பார்த்து நிறுத்தாதீர்கள். நிறுத்தி முடித்தபிறகும் சில மாதங்கள் டாக்டரைப் பார்த்துக்கொண்டிருங்கள்.

அதுவரை மது கூடாது. தூக்க மாத்திரையை மெடிக்கலில் நேரடியாகக் கேட்டு வாங்காதீர்கள். எந்த டாக்டரிடம் போனாலும், நிறுத்திய மாத்திரையின் அட்டையைக் கையில் கொண்டுபோய்க் காட்டுங்கள். கிளினிக்கில் அதைக் காட்டியிருந்தால் காது வரைக்கும் போயிருக்க மாட்டார்கள். வெயில் காலத்தில் தண்ணீர் குறைந்தாலும் தலை சுற்றும், அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள் மருத்துவர் கிடைக்கவில்லை என்றால் சென்ட்ரல் எதிரில் உள்ள ராஜீவ் காந்தி அரசுப் பொது மருத்துவமனையிலோ, ஸ்டான்லியிலோ மனநலப் பிரிவுக்குப் போகலாம். கீழ்ப்பாக்கம் அரசு மனநலக் காப்பகத்தின் புறநோயாளிகள் பிரிவுக்கும் கூச்சப்படாமல் போங்கள். அந்த ஊர்ப் பெயரைக் கேலிக்குச் சொல்கிறவர்களுக்காக நீங்கள் வைத்தியத்தைத் தள்ளிப்போட வேண்டாம். வலிப்பு வந்தாலோ, குழப்பமாகப் பேச ஆரம்பித்தாலோ, நாலைந்து நாள் தூங்காமலே பரபரவென்று இருந்தாலோ வீட்டிலுள்ளவர்கள் 108-ஐ அழைக்க வேண்டும். உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் ஒரு கணம் வந்தாலும் அம்மாவை எழுப்பிச் சொல்லுங்கள். அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416-ஐக் கூப்பிட்டால் எந்த நேரத்திலும் தமிழில் பேசுவார்கள்.