பதில்: 1986-இல் கல்யாணம் ஆனவளுக்குப் பூர்வீக நிலத்தில் பங்கு உண்டா?

வணக்கம் அக்கா. அப்பா 2001-இல் இறந்தார், அம்மாவும் இல்லை, இரண்டு தம்பிகளும் பட்டாவை மாற்றிக்கொண்டு "உனக்குத்தான் நகை போட்டாச்சே" என்கிறார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். நகை கணக்கிலேயே வராது.

25.3.1989-க்கு முன் மணமான பெண்களுக்கு, இந்து வாரிசுரிமைச் சட்டத்தில் தமிழ்நாடு கொண்டுவந்த திருத்தம் பங்கு தரவில்லை என்பது உண்மை. தம்பிகள் பிடித்துக்கொண்டிருப்பது அதைத்தான். அதே சட்டத்துக்கு மத்திய அரசு 2005-இல் கொண்டுவந்த திருத்தத்தில் அந்தப் பாகுபாடு இல்லை. அப்போது அப்பா உயிரோடு இருந்திருக்கத் தேவையில்லை என்று 2020-இல் வினீதா சர்மா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. உங்கள் பங்கு மூன்றில் ஒன்று. அப்பாவே சம்பாதித்த நிலமென்றாலும், உயில் இல்லாவிட்டால் அதே பங்குதான்.

பட்டா மாறினால் பாகம் பிரிந்ததாகாது. அது வருவாய்த்துறைப் பதிவு, அவ்வளவே. 2005 திருத்தத்தின்படி, 20.12.2004-க்கு முன் பதிவான பாகப்பிரிவினையோ விற்பனையோ இருந்தால் சிக்கல். அதனால் முதலில் ஒவ்வொரு சர்வே எண்ணுக்கும் வில்லங்கச் சான்று (அந்த நிலத்தின் மேல் பதிவான பத்திரங்களின் பட்டியல்) போட்டுப் பாருங்கள். உட்பிரிவு ஆகியிருந்தால் பழைய எண்ணுக்கும் சேர்த்துப் போடுங்கள். பலர் கோட்டை விடுவது இங்கேதான். பிறகு அப்பாவின் வாரிசுச் சான்றிதழ்.

இதற்குள் "பட்டாவுக்கு", "பேங்க் லோனுக்கு" என்று கையெழுத்துக் கேட்பார்கள். தலைப்பில் 'விடுதலைப் பத்திரம்' (உங்கள் பங்கை விட்டுக்கொடுப்பதாக எழுதும் பத்திரம்) என்று இருந்தால் பேனாவைத் தொடாதீர்கள்.

பங்கு கேட்டுத் தம்பிகளுக்கு அனுப்பும் வக்கீல் நோட்டீசுக்கு "பங்கு கிடையாது" என்று பதில் வந்தால் தேதியோடு பத்திரப்படுத்துங்கள். உங்களுக்குப் பங்கு மறுக்கப்பட்டது தெரிந்த நாளிலிருந்து 12 வருடத்துக்குள் வழக்குப் போட வேண்டும். பாகப்பிரிவினை வழக்கோடு, விற்கக் கூடாதென்று இடைக்காலத் தடையும் கேளுங்கள்.