குல்மார்க் போகும் முன் முழங்காலையும் பாலிசியையும் பாருங்கள்

கேள்வி: எனக்கு 44 வயது, மதுரை எல்லீஸ் நகர். ஜனவரி கடைசியில் மனைவி, 15 வயது மகனோடு காஷ்மீரின் குல்மார்க் போய் ஒரு வாரம் ஸ்கீயிங் (பனிச்சறுக்கு) கற்றுக்கொள்ளப் போகிறோம். பிபி மாத்திரை சாப்பிடுகிறேன். தினமும் தெப்பக்குளத்தைச் சுற்றி நடக்கிறேன். விமான டிக்கெட் எடுக்கும்போதே இன்சூரன்சுக்கும் டிக் செய்துவிட்டேன். இவ்வளவு போதுமா?

பதில்: இரண்டுமே போதாது. ஆனால் கையில் நாள் இருக்கிறது, சரிசெய்துவிடலாம்.

நடை மூச்சுக்கு நல்லது. ஸ்கீயிங்கில் முதலில் களைப்பது மூச்சு அல்ல, தொடை. முழங்காலை மடக்கி, பாதி உட்கார்ந்த நிலையிலேயே சரிவில் இறங்க வேண்டும். தொடை தளர்ந்தால் விழுவோம். பூட்ஸ் கணுக்காலை அசையவிடாது. அதனால் காலில் மாட்டிய நீளமான பலகை திரும்புகிற திருகல் அப்படியே முழங்காலுக்குப் போய்விடும். முழங்காலுக்குள் இருக்கும் ஏசிஎல் ஜவ்வு பெரும்பாலும் இப்படித்தான் கிழிகிறது.

அதனால் ஏறுவதைவிட இறங்குவதைப் பழகுங்கள். கீழக்குயில்குடி சமணர் மலைப் படிகள் இதற்கு அருமையான இடம். வாரம் மூன்று நாள், வெயில் ஏறுமுன் போய், ஒவ்வொரு படிக்கும் மூன்று எண்ணி மெதுவாக இறங்குங்கள். தடதடவென்று ஓடி இறங்கினால் பலன் இல்லை. மறுநாள் தொடையின் முன்பக்கம் வலிக்கும், அது பரவாயில்லை. மூட்டுக்குள் வலித்தால் நிறுத்திவிட்டு பிசியோவைப் பாருங்கள். வீட்டில் சுவரில் முதுகைச் சாய்த்து, நாற்காலி இல்லாமல் உட்கார்ந்து பழகுங்கள். மகனையும் சேர்த்துக்கொள்ளுங்கள், பையன்கள் ஜிம்மில் கை வளர்ப்பார்கள், காலை மறந்துவிடுவார்கள்.

அங்கே வாடகைக் கடையில் எடை, உயரம், அனுபவம் எல்லாம் கேட்பார்கள். விழும்போது பூட்ஸ் பலகையிலிருந்து கழன்றுகொள்ள வேண்டிய இறுக்கத்தை அதை வைத்துத்தான் அமைப்பார்கள். புதியவர் என்றே சொல்லுங்கள். இங்கே ஜம்பம் காட்டினால், கழல வேண்டிய நேரத்தில் பலகை கழலாது.

குல்மார்க் ஏறத்தாழ 2,650 மீட்டர் உயரம், கோடைக்கானலைவிட 500 மீட்டர் கூடுதல். முதல் இரவை ஸ்ரீநகரில் கழியுங்கள். 3,900 மீட்டரைத் தாண்டும் கொண்டோலா கேபிள் காரின் இரண்டாம் கட்டத்துக்கு முதல் நாளே போக வேண்டாம். குளிரிலும் உயரத்திலும் பிபி ஏறலாம். கிளம்புவதற்கு முன் டாக்டரிடம் காட்டிவிடுங்கள், மாத்திரை கைப்பையிலேயே இருக்கட்டும்.

இப்போது இன்சூரன்ஸ். டிக்கெட்டோடு வருவது பொதுவாக விமானத் தாமதம், பெட்டி தொலைவது, விபத்து போன்றவற்றுக்கானது. பல பயண பாலிசிகளில் ஸ்கீயிங் விலக்குப் பட்டியலில் இருக்கும். சாகச விளையாட்டுக்கான கூடுதல் கவர் எடுத்தால்தான் உள்ளே வரும். அதை எடுத்தாலும், குறியிட்ட பாதைக்கு வெளியே சறுக்கியதும் மது அருந்தியிருந்ததும் விலக்காக இருக்கலாம். பனியில் கிடப்பவரை மீட்டுக் கீழே கொண்டுவரும் செலவு சேர்ந்திருக்கிறதா, மகனின் வயதுக்கு அந்தக் கவர் உண்டா என்றும் பாருங்கள்.

வீட்டில் ஏற்கெனவே இருக்கும் மெடிக்ளைமை யாரும் நினைப்பதில்லை. இன்சூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐ வகுத்த பொது விலக்கு, சாகச விளையாட்டில் தொழில்முறையாக ஈடுபடுபவரின் சிகிச்சையைத்தான் ஒதுக்குகிறது. விடுமுறைக்குக் கற்றுக்கொள்ளப் போகும் நீங்கள் அதில் வரமாட்டீர்கள். ஆக, கால் முறிந்து அட்மிட் ஆனால் அதுவே கைகொடுக்கக்கூடும். அட்மிட் ஆகாமல் எடுக்கும் எம்ஆர்ஐ, பெல்ட், மாற்று விமான டிக்கெட் எல்லாம் பெரும்பாலும் உங்கள் கைக்காசுதான். அந்த ஓட்டையை அடைக்கத்தான் பயண பாலிசி.

"எல்லாம் கவர் ஆகும் சார்" என்று போனில் சொல்வதை நம்பாதீர்கள். 'குல்மார்க்கில் பொழுதுபோக்குக்காக ஸ்கீயிங் கற்கும்போது அடிபட்டால் பணம் கிடைக்குமா' என்று இரண்டு நிறுவனங்களுக்கும் மெயிலில் கேட்டு, பதிலைப் பத்திரப்படுத்துங்கள். பிபியை மறைக்கவே மறைக்காதீர்கள்; க்ளைம் தள்ளுபடியாக அது ஒன்று போதும்.

அடிபட்டால் முதலுதவிக்குப் பிறகு ஸ்ரீநகருக்குத்தான் வர வேண்டியிருக்கும்; எலும்பு, மூட்டுக்கென்றே அங்கே பர்சுல்லா பகுதியில் அரசு மருத்துவமனை இருக்கிறது. கேஷ்லெஸ் வேண்டுமென்றால், ஸ்ரீநகரில் எந்த மருத்துவமனை உங்கள் பாலிசிப் பட்டியலில் உள்ளது என்று இப்போதே குறித்துக்கொள்ளுங்கள். நிறுவனத்துக்கு உடனே தகவல் சொல்ல போன் வேண்டும். நம்மூர் ப்ரீபெய்ட் சிம் காஷ்மீரில் எடுக்காது. வீட்டில் யாராவது ஒருவராவது போஸ்ட்பெய்டுக்கு மாறிவிடுங்கள்.