சான் பிரான்சிஸ்கோவின் நெரிசல் வானத்தில் சிறு விமானம்: உங்கள் கேள்விகள், என் பதில்கள்

பாலோ ஆல்ட்டோ விமான நிலையத்திலிருந்து 11 வருடமாக செஸ்னா 172 ஓட்டுகிறேன். பிழைப்புக்காக இல்லை, ஆசைக்காக. சான் பிரான்சிஸ்கோ சர்வதேச விமான நிலையத்தை நேர் மேலிருந்து எடுத்த படத்தைப் போன மாதம் பகிர்ந்தேன். அதைப் பார்த்ததிலிருந்து, "அங்கே உங்களை எப்படி விட்டார்கள்?" என்று நிறைய பேர் கேட்கிறீர்கள். வந்த கேள்விகளில் முக்கியமானவற்றுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

அக்கா, ஜெட் விமானங்கள் வரிசை கட்டி இறங்குகிற இடத்தில் நாலு சீட் விமானத்துக்கு என்ன வேலை? கட்டணம் கட்டினால் விடுவார்களா? (சன்னிவேல்)

கட்டணம் எதுவும் கிடையாது. அமெரிக்காவில் வானம் பொதுச்சொத்து. செஸ்னாவுக்கும் அதில் உரிமை உண்டு, ஆனால் கேட்டுவிட்டுத்தான் நுழைய வேண்டும்.

பெரிய விமான நிலையங்களைச் சுற்றியுள்ள வான்பகுதிக்கு 'கிளாஸ் பி' என்று பெயர். ரேடியோவில் 'பிராவோ' என்போம். அதன் வடிவத்தைப் புரிந்துகொள்ள நம் ஊர்த் தெப்பக்குளத்தை நினைத்துக்கொள்ளுங்கள். மேலே அகலமாக இருக்கும், படிப்படியாகக் குறுகிக்கொண்டே வந்து நடுவில் அடித்தளத்தைத் தொடும். பிராவோவும் அப்படித்தான். ஓடுபாதைகளைச் சுற்றித் தரை வரை இருக்கும். வெளியே போகப் போக ஒவ்வொரு படியின் அடிமட்டமும் உயர்ந்துகொண்டே போகும். இங்கே அதன் உச்சி 10,000 அடி. படிகளுக்குக் கீழே அனுமதியில்லாமல் பறக்கலாம். ஆனாலும் மைய விமான நிலையத்திலிருந்து 30 கடல் மைல் தூரத்துக்குள், ராடார் கேட்டால் உயரத்தையும் சேர்த்துச் சொல்லும் டிரான்ஸ்பாண்டர் கருவி வேண்டும். 2020 ஜனவரி 1 முதல், தன் இருப்பிடத்தைத் தானே ஒலிபரப்பும் ஏ.டி.எஸ்.-பி கருவியும் கட்டாயம்.

அனுமதி கிடைத்துவிட்டது என்று எதை வைத்துத் தெரிந்துகொள்வது? நான் மாணவ விமானி, இதில்தான் குழப்பம். (ஹேவர்ட்)

நல்ல கேள்வி. குழம்பாத மாணவரை நான் பார்த்ததில்லை, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

ஓக்லாந்து, சான் ஹோசே இரண்டும் கிளாஸ் சி, அதாவது பிராவோவைவிடக் கெடுபிடி குறைந்த வான்பகுதி. அங்கே கன்ட்ரோலர், அதாவது தரையிலிருந்து ரேடியோவில் விமானங்களை வழிநடத்துபவர், உங்கள் விமானத்தின் அழைப்புப் பெயரைச் சொல்லிவிட்டாலே தொடர்பு ஏற்பட்டதாகக் கணக்கு. "செஸ்னா த்ரீ ஃபோர் பாப்பா, ஸ்டாண்ட்பை" என்றால் நுழையலாம். பெயரைச் சொல்லாமல் "ஏர்கிராஃப்ட் காலிங், ஸ்டாண்ட்பை" என்றால் நுழையக்கூடாது.

பிராவோவில் இது செல்லாது. உங்கள் பெயரோடு "கிளியர்டு இன்டு த பிராவோ" என்பது போன்ற தெளிவான வார்த்தை காதில் விழ வேண்டும். கன்ட்ரோலர் உங்களோடு அரை மணி நேரமாகப் பேசிக்கொண்டிருக்கலாம், ராடாரில் அடையாளம் கண்டிருக்கலாம், டிரான்ஸ்பாண்டர் எண் கொடுத்திருக்கலாம், "வலது பக்கம் ஒரு விமானம் இருக்கிறது, பாருங்கள்" என்று எச்சரித்திருக்கலாம். இவற்றில் எதுவும் அனுமதி ஆகாது. அந்த வார்த்தை வரவில்லையென்றால் நீங்களே கேளுங்கள்: "கன்ஃபர்ம் கிளியர்டு இன்டு பிராவோ?" இதைக் கேட்டதற்காக இத்தனை வருடத்தில் ஒருவரும் என்னிடம் சலித்துக்கொண்டதில்லை.

என் வழக்கம் இது. தொடையில் கட்டியிருக்கும் சின்னப் பலகையில் காகிதம் செருகி வைத்திருப்பேன். அதன் மேல் மூலையில் புறப்படுவதற்கு முன்பே பென்சிலால் ஒரு பெட்டி வரைந்து வைப்பேன். அந்த வார்த்தை காதில் விழுந்ததும் பெட்டிக்குள் 'பி' என்று எழுதுவேன். பெட்டி காலியாக இருந்தால் நான் இன்னும் வெளியேதான். இரண்டு வருடம் முன்பு ஒரு ஞாயிற்றுக்கிழமை, சான் கார்லோஸ் தாண்டி 101 நெடுஞ்சாலை ஓரமாக வடக்கே போய்க்கொண்டிருந்தேன். உயரத்தைக் கேட்டார்கள், எங்கே போகிறேன் என்று கேட்டார்கள், எல்லாம் சுமுகமாகப் போனது. குனிந்து பார்த்தால் பெட்டி காலி. எல்லைக்கு ஒரு மைல்கூட இல்லை. இடது பக்கம் திரும்பி ஒரு வட்டம் போட்டேன். பாதி வட்டத்தில் இருக்கும்போதுதான் அனுமதி வந்தது.

இன்னொன்று. மாணவ விமானி தனியாக பிராவோவுக்குள் பறக்க, அந்தக் குறிப்பிட்ட வான்பகுதியில் பயிற்சி பெற்றதாக ஆசிரியர் உங்கள் லாக்புக்கில் (பறப்புப் பதிவேட்டில்) எழுதிக் கையெழுத்திட்டிருக்க வேண்டும். அப்படியே இருந்தாலும், சான் பிரான்சிஸ்கோ ஓடுபாதையில் தனியாக இறங்கவோ ஏறவோ மாணவருக்கு அனுமதி இல்லை.

'முடியாது' என்று சொல்லிவிட்டால்? (டப்ளின்)

சொல்வார்கள். பனி விலகாத காலையில், ஓடுபாதை மாற்றுகிற நேரத்தில், அல்லது ஒரே ஆள் இரண்டு அலைவரிசைகளைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது "ரிமெயின் அவுட்சைட் பிராவோ" என்று வரும். மறுப்பு வந்த பிறகு, விமானத்தை ஓட்டிக்கொண்டே வரைபடத்தைப் புரட்டினால் தலை குனிந்துவிடும், உயரம் நழுவும், பிறகு எல்லையும் நழுவும். அதனால் மாற்றுப்பாதையை வீட்டிலேயே கோடு போட்டுவிடுங்கள். நான் பெரும்பாலும் கிழக்குக் கரையை எடுப்பேன், ஓக்லாந்து பக்கம். அதுவும் அழகான பாதைதான்.

என் ஆங்கில உச்சரிப்பு கன்ட்ரோலருக்குப் புரியுமா என்று பயம். வேகமாக வேறு பேசுகிறார்கள். (மில்பிடாஸ்)

எனக்கும் இந்தப் பயம் இருந்தது. பாளையங்கோட்டையில் தமிழ் வழியில் படித்தவள் நான். ஆனால் ரேடியோ ஆங்கிலம் என்பது முந்நூறு, நானூறு வார்த்தைகள்தான், வரிசையும் மாறாது. யாரைக் கூப்பிடுகிறீர்கள், நீங்கள் யார், எங்கே இருக்கிறீர்கள், என்ன உயரம், என்ன வேண்டும். உச்சரிப்பைவிட வேகம்தான் புரியவிடாமல் செய்யும். நாம் நிதானமாகப் பேசினால் அவர்களும் நிதானிப்பார்கள். "ஸ்டூடன்ட் பைலட்" என்று முதல் அழைப்பிலேயே சேர்த்துக்கொள்ளுங்கள். புரியவில்லையா, "சே அகெய்ன்". சொன்னதைச் செய்ய முடியாதா, "அனேபிள்". இந்த இரண்டையும் கூச்சமில்லாமல் சொல்லப் பழகினால் போதும்.

வீட்டில் பாத்திரம் கழுவும்போது டவர் உரையாடலை இணையத்தில் ஓடவிட்டுக் கேளுங்கள். ஒரு மாதத்தில் காது பழகிவிடும்.

2025 ஜனவரியில் வாஷிங்டனில் நடந்த விபத்துக்குப் பிறகு என் மனைவி என்னை விமானப் பயிற்சி வகுப்புக்கே போக வேண்டாம் என்கிறார். அவரிடம் என்ன சொல்வது? (கூப்பர்ட்டினோ)

தம்பி, அவருடைய பயத்தில் நியாயம் இருக்கிறது. அதைத் தட்டிக்கழிக்காமல் பதில் சொல்ல முயல்கிறேன்.

ஜனவரி 29 அன்று ராணுவ ஹெலிகாப்டரும், இறங்கிக்கொண்டிருந்த பயணிகள் விமானமும் போட்டோமாக் நதிக்கு மேலே மோதி 67 பேர் இறந்தார்கள். விமானத்தைப் பார்த்துவிட்டதாகவும், தாங்களே பார்த்து விலகிக்கொள்வதாகவும் ஹெலிகாப்டரில் இருந்தவர்கள் ரேடியோவில் சொல்லியிருந்தார்கள். இதைப் படித்ததும் எனக்கு 1978 செப்டம்பர் 25 நினைவுக்கு வந்தது. சான் டியேகோவில் பி.எஸ்.ஏ. 182 என்ற போயிங் 727, ஒரு செஸ்னா 172 மீது மோதி 144 பேர் இறந்த நாள் அது. நான் ஓட்டுவதும் அதே ரகம்தான். அங்கேயும் செஸ்னாவைப் பார்த்துவிட்டதாக ஜெட் விமானிகள் முதலில் சொன்னார்கள். பிறகு அது கண்ணிலிருந்து மறைந்துவிட்டது. மறைந்துவிட்டது என்பதை அவர்கள் தெளிவாகச் சொல்லவில்லை. 'அவர்கள் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்' என்றே கீழே இருந்தவர்கள் நம்பினார்கள்.

"ட்ராஃபிக் இன் சைட்" (அந்த விமானம் கண்ணில் படுகிறது) என்று நாம் சொல்லி, 'பார்த்து விலகிக்கொள்ளுங்கள்' என்று கன்ட்ரோலர் சொல்வதை ஏற்றுக்கொண்டால், மோதாமல் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு கன்ட்ரோலரிடமிருந்து நம் கைக்கு வந்துவிடும். அதனால் அதை மரியாதைக்காகவோ, வரிசையைச் சீக்கிரம் நகர்த்துவதற்காகவோ சொல்லவே கூடாது. அவர் சொன்ன திசையில், சொன்ன உயரத்தில், சொன்ன ரக விமானம் கண்ணுக்குத் தெரிந்தால் மட்டும் சொல்லலாம். இல்லையென்றால் "நெகட்டிவ் கான்டாக்ட்". பார்த்தது பிறகு மறைந்துவிட்டால், மறைந்துவிட்டது என்று அதே நொடியில் சொல்ல வேண்டும். பிராவோவுக்குள் நமக்கும் பெரிய ஜெட்டுக்கும் நடுவே குறைந்தது 500 அடி உயரமோ ஒன்றரை மைலோ கன்ட்ரோலர் இடைவெளி வைத்துத் தருவார். 'பார்த்துவிட்டேன், நானே விலகிக்கொள்கிறேன்' என்று ஒப்புக்கொண்டால் அந்த இடைவெளியை நாமே விட்டுக்கொடுக்கிறோம். இரவில், நகர விளக்குகளின் பின்னணியில், இந்த வார்த்தையை நான் ஏறக்குறைய பயன்படுத்துவதே இல்லை.

1986 ஆகஸ்ட் 31-ஐயும் உங்கள் மனைவியிடம் சொல்லுங்கள். லாஸ் ஏஞ்சலஸ் பக்கம் செரிட்டோஸில், அனுமதியில்லாமல் கட்டுப்பாட்டுப் பகுதிக்குள் போய்விட்ட பைப்பர் என்ற சிறு விமானமும் ஏரோமெக்ஸிகோ டி.சி.-9 விமானமும் மோதின. தரையில் இருந்த 15 பேரையும் சேர்த்து 82 பேர் இறந்தார்கள். அந்தப் பைப்பரின் டிரான்ஸ்பாண்டர் உயரத்தைச் சொல்லாது. இன்று உயரம் சொல்லும் டிரான்ஸ்பாண்டர் கட்டாயமாக இருப்பதற்கும், பயணிகள் விமானங்களில் மோதல் எச்சரிக்கைக் கருவி இருப்பதற்கும் அந்த விபத்து ஒரு முக்கியக் காரணம். ஒரு நாள் அவரையும் பயிற்சி மையத்துக்குக் கூட்டிப்போங்கள். ஆசிரியரிடம் அவரே நேரில் கேட்கட்டும்.

தெரியாமல் பிராவோவுக்குள் போய்விட்டால் உரிமம் போய்விடுமா? (ஃப்ரீமாண்ட்)

முதலில், பொய் சொல்லாதீர்கள். ராடாரில் எல்லாம் பதிவாகியிருக்கும். தரையிறங்கியதும் கூப்பிடச் சொல்லி ஒரு தொலைபேசி எண் கொடுப்பார்கள். மரியாதையாகப் பேசுங்கள்.

அப்புறம், 10 நாளுக்குள் விமானத் தவறுகளைத் தாங்களே தெரிவிப்பதற்கான நாசாவின் ஏ.எஸ்.ஆர்.எஸ். திட்டத்துக்கு அறிக்கை அனுப்புங்கள். 1976 முதல் நடக்கிற திட்டம் இது. அலுவலகமும் நம் மாஃபெட் ஃபீல்டில்தான். தவறு வேண்டுமென்றே செய்ததாகவோ, விபத்தாகவோ, குற்றச்செயலாகவோ இல்லாமல், முந்தைய 5 வருடத்தில் வேறு விதிமீறலும் இல்லாமல் இருந்தால், மீறல் என்று முடிவானாலும் விமானப் போக்குவரத்து அதிகாரிகள் (எஃப்.ஏ.ஏ.) தண்டனையைச் சுமத்த மாட்டார்கள். யாருக்கும் கெடுதல் நடப்பதற்கு முன்பே தவறுகளைப் பேச வைக்கிற ஏற்பாடு. எனக்கு இதன் மேல் பெரிய மதிப்பு உண்டு.

தெரியாமல் நுழைவது பக்கவாட்டில் மட்டும் இல்லை, மேலே ஏறியும்தான். படிக்குக் கீழே போகும்போது அடிமட்டத்தை ஒட்டிப் பறக்காதீர்கள், 200, 300 அடி விடுங்கள். உயரம் காட்டும் அல்டிமீட்டரில் காற்றழுத்த எண்ணை அங்குலத்தில் பத்தில் ஒரு பங்கு தவறாக வைத்தாலே உயரம் 100 அடி பிசகும்.

கோல்டன் கேட் பாலத்தைச் சுற்ற எப்போது வேண்டுமானாலும் போகலாமா? (ஓக்லாந்து)

ஜயன்ட்ஸ் பேஸ்பால் ஆட்டம் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். ஆரக்கிள் பார்க்கைச் சுற்றி 3 கடல் மைல், தரையிலிருந்து 3,000 அடி வரை, ஆட்டத்துக்கு ஒரு மணி நேரம் முன்பிருந்து முடிந்து ஒரு மணி நேரம் வரை தடை உண்டு. கன்ட்ரோலர் அனுமதித்தால் மட்டுமே விதிவிலக்கு. பாலத்தின் கோபுரங்கள் 746 அடி, பக்கத்து மலையில் நிற்கிற சூட்ரோ கோபுரம் தனியாகவே 977 அடி. கோடையில் மூடுபனி இவற்றை மூடிவிடும்.

நடு வளைகுடாவில் எஞ்சின் நின்றுவிட்டால்? (சான் மட்டேயோ)

செஸ்னா 172, ஆயிரம் அடி உயரத்துக்கு ஏறக்குறைய ஒன்றரை கடல் மைல் வழுக்கிக்கொண்டு போகும். 2,000 அடியில் இருந்தால் 3 மைல். அந்தத் தூரத்துக்குள் என்ன இருக்கிறது என்று எப்போதும் கண்ணில் வைத்திருப்பேன். அவசரநிலை என்று அறிவித்துவிட்டால் சான் பிரான்சிஸ்கோவின் பெரிய ஓடுபாதையும் நமக்குத்தான், ஜெட்களை அவர்கள் விலக்குவார்கள். தண்ணீர் குளிரும், அதனால் உயிர்காப்புச் சட்டையை டிக்கியில் வைக்காமல் உடம்பில் போட்டுக்கொள்ளுங்கள்.

நியூயார்க்கில் ஹட்சன் நதி மேலேயும் இப்படிக் கேட்க வேண்டுமா? (நியூ ஜெர்சி)

1,300 அடிக்குக் கீழே நதிக்கு மேல் பிராவோ கிடையாது. விமானிகளே ஒரு பொது அலைவரிசையில் இருப்பிடம் சொல்லிக்கொண்டு போகிற பாதை அது. 2009 ஆகஸ்ட் 8-ல் சிறு விமானமும் ஹெலிகாப்டரும் மோதி 9 பேர் இறந்த பிறகு, அதற்கு முன் பரிந்துரையாக இருந்தவை விதிகளாகிவிட்டன. என் கருத்தைக் கேட்டால், கன்ட்ரோலர் பார்த்துக்கொண்டிருக்கும் பிராவோவே எனக்கு நிம்மதி.

மதுரையிலிருந்து அப்பா வருகிறார், வயது 71. உங்களோடு ஒரு முறை கூட்டிப்போவீர்களா அக்கா? செலவைக் கொடுத்துவிடுகிறேன். (சான்டா கிளாரா)

கட்டாயம் கூட்டிவாருங்கள். ஆனால் முழுச் செலவையும் நீங்கள் தரக்கூடாது. தனியார் உரிமம் உள்ளவர் எரிபொருள், வாடகை போன்றவற்றில் தன் பங்கைத் தானும் போட வேண்டும் என்பது சட்டம். காலை ஒன்பது மணிக்கு மேல், பனி விலகியதும் புறப்படலாம், அப்போது காற்றும் அமைதியாக இருக்கும். ஸ்வெட்டர் எடுத்துவரச் சொல்லுங்கள். வெறும் வயிற்றோடு வர வேண்டாம், இரண்டு இட்லி போதும்.

நான் இடது கையைத் தூக்கினால் ரேடியோவில் பேசப்போகிறேன் என்று அர்த்தம், அப்போது மட்டும் அவர் பேசாமல் இருக்க வேண்டும். வலது சீட்டில் உட்காரட்டும். வடக்கே போகும்போது விமான நிலையம் அந்தப் பக்கம்தான் வரும். 28 என்று வெள்ளை எழுத்து போட்ட இரண்டு ஓடுபாதைகள், நடுக்கோட்டுக்கு நடுக்கோடு 750 அடிதான் இடைவெளி. நேரம் கூடிவந்தால் தண்ணீருக்கு மேலே ஜெட்கள் வரிசையாக இறங்கி வருவதை அவர் மேலிருந்து பார்ப்பார்.