மாணவி கடத்தல், கொலை: அமெரிக்காவில் வழக்கு ஏன் பெடரல் கோர்ட்டுக்குப் போகிறது, குடும்பம் என்ன செய்யலாம்?

கேள்வி: என் மகள் வரும் ஆகஸ்டில் இல்லினாய்ஸ் பல்கலைக்கழகத்தின் அர்பானா-ஷாம்பெயின் வளாகத்தில் எம்.எஸ். சேர்கிறாள். அதே ஊரில் 2017-இல் யிங்யிங் சாங் என்ற சீனப் பெண்ணைக் கடத்திக் கொன்ற வழக்கைப் படித்ததிலிருந்து மனசு ஒரு நிலையில் இல்லை. கொலை என்றால் அந்த மாநிலத்து போலீசும் கோர்ட்டும்தானே பார்க்க வேண்டும்? எஃப்பிஐ எப்படி உள்ளே வந்தது? மரண தண்டனையே இல்லாத மாநிலத்தில் எப்படி மரண தண்டனை கேட்டார்கள்? எந்தக் குடும்பத்துக்கும் வரக்கூடாதுதான், ஆனால் வந்துவிட்டால் இங்கே இருந்துகொண்டு யாரைப் பிடிப்பது, என்ன செய்வது?
– ஒரு தாய், திருச்சி

பதில்: உங்கள் முதல் சந்தேகத்துக்கு விடை குற்றப்பத்திரிகையின் முதல் வரியிலேயே இருக்கிறது, அம்மா. சாங்கைக் கொன்ற பிரெண்ட் கிறிஸ்டென்சன் மீது கொலை என்ற பெயரில் குற்றச்சாட்டே இல்லை. "மரணத்தில் முடிந்த ஆள்கடத்தல்" என்பதுதான் முதல் குற்றச்சாட்டு. அதோடு எஃப்பிஐயிடம் பொய் சொன்னதாக இரண்டு.

நம் நாட்டில் உள்ளூர் போலீஸ் விசாரித்தாலும் சிபிஐ விசாரித்தாலும் கொலைக்குச் சட்டம் ஒன்றுதான், போய் நிற்கும் கோர்ட்டும் ஒரே வரிசையைச் சேர்ந்ததுதான். அங்கே மாநிலத்துக்கு ஒரு சட்டம், ஒரு கோர்ட். பெடரல் அரசுக்கு, அதாவது மத்திய அரசுக்கு, வேறு சட்டம், வேறு கோர்ட். சாதாரணக் கொலை மாநிலத்தின் விவகாரம். பெடரல் அரசு கை வைக்க ஏதாவது ஒரு பிடி வேண்டும். கடத்தல் வழக்கில் அந்தப் பிடியைக் கொடுப்பது 1932-இல் வந்த சட்டம். விமானி சார்லஸ் லிண்ட்பெர்க்கின் கைக்குழந்தை கடத்திக் கொல்லப்பட்ட பிறகு நிறைவேறியது அது. இன்றைக்கு அது அமெரிக்கச் சட்டத் தொகுப்பின் 18-ஆம் தலைப்பு, 1201-ஆம் பிரிவு.

பழைய விதிப்படி, கடத்தப்பட்டவரை மாநில எல்லை தாண்டிக் கொண்டுபோயிருந்தால்தான் பெடரல் வழக்கு. வடக்கு டகோட்டா பல்கலைக்கழக மாணவி ட்ரூ ஷோடின் வழக்கு அதற்கு நேரான உதாரணம். 2003 நவம்பர் 22 அன்று கிராண்ட் ஃபோர்க்ஸில் ஒரு மாலின் வாகன நிறுத்துமிடத்தில் கடத்தப்பட்டார். பனி உருகிய பிறகு, 2004 ஏப்ரலில், பக்கத்து மாநிலமான மினசோட்டாவில் குரூக்ஸ்டன் அருகே உடல் கிடைத்தது. எல்லை தாண்டியதால், அவரைக் கடத்திய அல்ஃபான்சோ ராட்ரிகஸ் மீதான வழக்கு பெடரல் கோர்ட்டுக்குப் போனது.

2006-இல் ஆடம் வால்ஷ் சட்டம் வந்தது. பாலியல் குற்றவாளிகளின் தேசியப் பொதுப் பதிவேட்டு இணையதளத்துக்கு ட்ரூ ஷோடின் பெயரை வைத்தது அந்தச் சட்டம்தான். அதே சட்டம் 1201-ஆம் பிரிவையும் சத்தமில்லாமல் விரித்துவிட்டது. குற்றத்தைச் செய்ய மாநிலங்களுக்கு இடையிலான வணிகத்தில் புழங்கும் சாதனம் எதையாவது பயன்படுத்தியிருந்தாலே போதும், எல்லை தாண்டியிருக்க வேண்டியதில்லை. சாங் வழக்கில் எல்லை தாண்டியதாகக் குற்றச்சாட்டே கிடையாது. குற்றப்பத்திரிகை காட்டிய சாதனங்கள் இரண்டு: ஒரு மோட்டோரோலா செல்போன், ஒரு சாட்டர்ன் ஆஸ்ட்ரா கார். இவ்வளவு தூரம் இழுத்தால் எந்தக் கடத்தலைத்தான் பெடரல் ஆக்க முடியாது என்று பிரதிவாதித் தரப்பு கேட்டது. நியாயமான கேள்விதான், ஆனால் நீதிபதி ஏற்கவில்லை. செல்போனும் காரும் இல்லாத கடத்தல் இந்தக் காலத்தில் ஏது? ஆகவே நடைமுறையில், பெடரல் வழக்கறிஞர் அலுவலகம் எடுக்க நினைத்தால் எடுக்கலாம் என்பதுதான் நிலை.

இன்னொரு விஷயத்தில் பலரும் குழம்புவார்கள்: "அந்தப் பெண் தானாகத்தானே காரில் ஏறினாள்?" சட்டத்தில் பலவந்தமாகப் பிடிப்பது மட்டும் கடத்தல் இல்லை, ஏமாற்றி, நைச்சியமாகப் பேசி வரவழைத்துப் பிடித்துவைப்பதும் கடத்தல். அதே நாள் காலையில் கிறிஸ்டென்சன் வேறொரு மாணவியிடம் தன்னை ரகசிய போலீஸ் என்று சொல்லி, பேட்ஜ் காட்டி, காரில் ஏறச் சொல்லியிருக்கிறார். அவர் ஏறவில்லை, பிறகு சாட்சியும் சொன்னார். உங்கள் மகளிடம் இதைக் கட்டாயம் சொல்லுங்கள்: சாதாரண உடையில், அடையாளமில்லாத காரில் வந்து யாராவது போலீஸ் என்றால், ஏறாமல் தள்ளி நின்று 911-ஐ அழைத்து, இந்த இடத்தில் இப்படி ஒருவர் நிற்கிறார், உங்கள் ஆள்தானா என்று கேட்கலாம், சீருடை அதிகாரியை அனுப்பச் சொல்லலாம். உண்மையான போலீசார் இதற்குக் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

இனி மரண தண்டனை. இல்லினாய்ஸ் அதை 2011-இல் ஒழித்தது. வடக்கு டகோட்டாவிலும் மினசோட்டாவிலும் கிடையாது. ஆனால் பெடரல் கோர்ட் பார்ப்பது பெடரல் சட்டத்தை. கடத்தலில் ஓர் உயிர் போயிருந்தால் 1201-இல் இருக்கும் தண்டனை இரண்டே: மரணம் அல்லது ஆயுள். எதைக் கேட்பது என்பதை உள்ளூர் பெடரல் வழக்கறிஞர் முடிவு செய்ய முடியாது. வாஷிங்டனில் நீதித் துறைத் தலைவரான அட்டர்னி ஜெனரல் அனுமதிக்க வேண்டும். சாங் வழக்கில் அந்த அனுமதி 2018 ஜனவரியில் வந்தது. குடும்பத்தின் கருத்தைக் கேட்பார்கள், கணக்கில் எடுப்பார்கள். ஆனால் கடைசி வார்த்தை குடும்பத்துடையது இல்லை.

விசாரணையும் இரண்டு கட்டம்: குற்றவாளியா என்பது முதல் கட்டம், என்ன தண்டனை என்பது இரண்டாவது. 2019 ஜூனில் பியோரியா நகரில், நீதிபதி ஜேம்ஸ் ஷாடித் முன்னிலையில் தொடங்கியது. முதல் நாளே பிரதிவாதி வழக்கறிஞர் எழுந்து, கொன்றது தன் கட்சிக்காரர்தான் என்று ஜூரியிடம் சொல்லிவிட்டார். செய்தியைப் படித்தவர்களுக்குத் திகைப்பாக இருந்திருக்கும். குற்றத்தை மறுத்து ஜூரியின் நம்பிக்கையை இழப்பதைவிட, உயிரைக் காப்பாற்றும் இரண்டாம் கட்டத்துக்கு அதைச் சேமித்து வைக்கும் உத்தி அது. ஜூன் 24 அன்று குற்றவாளி என்று தீர்ப்பு, இரண்டு மணி நேரம்கூட ஆகவில்லை. ஜூலை 18 அன்று தண்டனை விஷயத்தில் ஜூரி ஒருமனதாகவில்லை. பன்னிரண்டு பேரில் ஒருவர் மறுத்தாலும் மரண தண்டனை இல்லை. மறு விசாரணையும் இல்லை, நேராக ஆயுள். பெடரல் முறையில் 1987 நவம்பருக்குப் பிறகான குற்றங்களுக்குப் பரோல், அதாவது முன்கூட்டிய விடுதலை, கிடையாது. ஆயுள் என்றால் சாகும்வரைதான்.

மரண தண்டனை கிடைத்தால்தான் நீதி என்று நினைக்கும் குடும்பங்களுக்கு ராட்ரிகஸ் வழக்கின் பிற்பாதியைச் சொல்ல வேண்டும். 2006-இல் ஜூரி மரண தண்டனைக்கு ஒப்புக்கொண்டது. 2021-இல் அதே நீதிபதி அந்தத் தண்டனையை ரத்து செய்தார். பிரேதப் பரிசோதனை நிபுணர் நம்பத்தக்கதல்லாத சாட்சியம் கொடுத்ததும், பிரதிவாதி வழக்கறிஞர்கள் மனநல ஆதாரத்தைச் சரியாகக் கொண்டுவராததும் காரணங்கள். 2023-இல் அரசே மரண தண்டனைக் கோரிக்கையைக் கைவிட்டது. இடையில் பதினேழு வருஷம் ஓடிவிட்டது.

வழக்கு நிற்பதும் விழுவதும் முதல் சில நாட்களில் என்ன சேகரித்தார்கள் என்பதில் இருக்கிறது. 2017 ஜூன் 9 பிற்பகல், வாடகை ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடப் போய்க்கொண்டிருந்த சாங், பஸ்ஸைத் தவறவிட்டு குட்வின்-கிளார்க் சந்திப்பில் நின்றார். இரண்டு மணி தாண்டிக் கறுப்பு ஆஸ்ட்ரா ஒன்று வந்து நின்றதும், பேசியதும், அவர் ஏறியதும் கேமராவில் பதிந்தன. நம்பர் பிளேட் தெரியவில்லை. அந்தக் கவுன்டியில் (நம் மாவட்டம் மாதிரி) பதிவான நான்கு கதவு ஆஸ்ட்ராக்கள் பதினெட்டு, ஒவ்வொன்றாகப் பார்த்தார்கள். கிறிஸ்டென்சன் முதலில் அன்று தூங்கிக்கொண்டிருந்தேன், இல்லையென்றால் வீடியோ கேம் ஆடிக்கொண்டிருந்தேன் என்றார். அப்புறம் வீடியோவைத் திரும்ப உற்றுப் பார்த்தபோது, முன்பக்கச் சக்கரத்தின் மூடியில் ஒரு விரிசல். அதே விரிசல் அவருடைய காரிலும் இருந்தது. மறுபடி கேட்டபோது கதை மாறியது: ஏற்றினேன், சில தெரு தாண்டி இறக்கிவிட்டேன். இந்த இரண்டு பேச்சும்தான் பொய் சொன்ன குற்றச்சாட்டுகள் ஆயின.

பிறகு அவருடைய தோழி எஃப்பிஐக்காக ஒலிப்பதிவுக் கருவியோடு அவரோடு பழகினார். ஜூன் 29 அன்று சாங்குக்காக நடந்த ஊர்வலத்துக்கே இருவரும் போனார்கள். அங்கே கிறிஸ்டென்சன் பேசியது பதிவானது. மறுநாள் கைது. இங்கேதான் பெடரல் வழக்கின் பெரிய லாபம். இல்லினாய்ஸ் சட்டப்படி தனிப்பட்ட உரையாடலைப் பதிவு செய்ய எல்லோருடைய சம்மதமும் வேண்டும். பெடரல் சட்டத்தில் பேசுபவர்களில் ஒருவர் சம்மதித்தால் போதும். உடலே கிடைக்காத வழக்கில் அந்தப் பதிவும், அவர் படுக்கையறையிலும் ஒரு பேஸ்பால் மட்டையிலும் கிடைத்த ரத்தத்தின் டிஎன்ஏவும் சேர்ந்துதான் வழக்கைத் தாங்கின. உடல் கடைசிவரை கிடைக்கவில்லை. குப்பைத் தொட்டியில் போட்டதாகப் பிரதிவாதித் தரப்பு கொடுத்த தகவல் 2019 ஆகஸ்டில்தான் பொதுவெளிக்கு வந்தது. அதற்குள் எல்லாம் நசுக்கப்பட்டு நிலத்தடிக் குப்பைமேட்டுக்குப் போய்விட்டது.

அடுத்து உங்கள் கடைசிக் கேள்வி: இங்கே இருந்துகொண்டு என்ன செய்வது? யாராவது காணாமல் போனால் 24 மணி நேரம் காத்திருக்க வேண்டும் என்பது கட்டுக்கதை. 1201-இல் வரும் 24 மணி நேரம் வேறு: அதற்குள் விடுவிக்கவில்லை என்றால் எல்லை தாண்டியிருக்கலாம் என்று சட்டம் அனுமானித்துக்கொள்ளும். அதற்கு முன்பே எஃப்பிஐ விசாரிக்கலாம் என்று அதே பிரிவு சொல்கிறது. சாங்கைக் காணவில்லை என்று அவர் உடன் வேலை பார்த்தவர்கள் அன்றிரவே பல்கலைக்கழக போலீசில் சொன்னார்கள். அதனால்தான் பஸ் கேமராவும் தெருக் கேமராவும் அழியாமல் கிடைத்தன.

நீங்கள் புகார் கொடுக்க வேண்டியது எஃப்பிஐயிடம் அல்ல, பல்கலைக்கழக போலீசிடம் அல்லது நகர போலீசிடம். 21 வயதுக்குக் கீழ் என்றால் தேசியக் குற்றத் தகவல் மையக் கணினியில் உடனே பதிய வேண்டியது போலீசின் சட்டக் கடமை. எம்.எஸ். மாணவிக்கு அந்த வயது தாண்டியிருக்கும். ஆகவே "பெரியவர்தானே, வந்துவிடுவார்" என்ற பதில் வரலாம். அப்போது, ஆபத்தில் இருப்பவர் அல்லது விருப்பத்துக்கு மாறாகக் காணாமல் போனவர் என்ற வகையில் பதியுங்கள் என்று குறிப்பாகக் கேளுங்கள். அதற்கான காரணத்தையும் சொல்லுங்கள்: எந்த நேரத்துக்குப் பிறகு போன் எடுக்கவில்லை, எந்தச் சந்திப்புக்குப் போகவில்லை, எந்த மருந்து அறையிலேயே இருக்கிறது. காணவில்லை என்று தெரிந்த 24 மணி நேரத்துக்குள், மாணவர் முன்பே குறித்துக் கொடுத்த நபருக்குப் பல்கலைக்கழகம் தகவல் தர வேண்டும் என்ற 2008-ஆம் ஆண்டு விதி, வளாக விடுதியில் தங்குபவர்களுக்கு மட்டும். வெளியே அபார்ட்மென்ட் எடுத்திருந்தால் பொருந்தாது, எம்.எஸ். மாணவர்கள் பெரும்பாலோர் வெளியேதான் இருக்கிறார்கள்.

போன் விஷயத்தில் குடும்பங்களே கெடுத்துவிடுவதுண்டு. சிம்மை நிறுத்தாதீர்கள், பாஸ்வேர்டை மாற்றாதீர்கள், தொலைந்த போனைத் தேடும் வசதியில் போய் "அழி" என்பதைத் தொடாதீர்கள். உயிருக்கு ஆபத்து என்றால் வாரன்ட் இல்லாமலே இருப்பிடத் தகவலைப் போன் நிறுவனம் போலீசுக்குக் கொடுக்கலாம். அதைக் கேட்டார்களா என்று விசாரியுங்கள். நண்பர்களோடு சேர்ந்த குடும்பத் திட்டத்தில் போன் இருந்தால், கணக்கு யார் பெயரில் இருக்கிறதோ அவரும் அழைப்பு விவரங்களைக் கேட்டு வாங்க முடியும். அறையைத் துடைத்துப் பெருக்கக் கூடாது. பல் துலக்கும் பிரஷும் சீப்பும் டிஎன்ஏவுக்கு வேண்டும். கடைக் கேமரா காட்சிகளை அழிக்காமல் வைக்கச் சொல்ல நண்பர்களை அனுப்பலாம். காட்சியை வாட்ஸ்அப்பில் சுற்றவிட வேண்டாம். அது சாட்சிகளின் நினைவைக் கெடுக்கும், பிறகு குறுக்கு விசாரணையில் திரும்பி வந்து அடிக்கும்.

வழக்கு பெடரல் கோர்ட்டுக்குப் போனால், 2004-ஆம் ஆண்டின் பாதிக்கப்பட்டோர் உரிமைச் சட்டம் வெளிநாட்டுக் குடும்பத்துக்கும் பொருந்தும். ஒவ்வொரு விசாரணைத் தேதியையும் தெரிவிக்க வேண்டும். தண்டனைக்கு முன் பேச விட வேண்டும். அரசு வழக்கறிஞரிடம் கலந்து பேசலாம். அடையாள எண்ணும் ரகசிய எண்ணும் கொடுப்பார்கள். அதை வைத்து அறிவிப்பு அமைப்பில் பார்த்துக்கொள்ளலாம். ஆனால் அரசு வழக்கறிஞர் உங்கள் வழக்கறிஞர் அல்ல. உங்கள் நலனுக்குத் தனியாக ஒருவரை வைத்துக்கொள்வது நல்லது. சாங் குடும்பமும் அப்படித்தான் செய்தது. இழப்பீட்டுக்குக் கோர்ட் உத்தரவு போடும், கைக்கு வருமா என்பது வேறு கதை.

இல்லினாய்ஸ் சிகாகோவில் உள்ள இந்தியத் துணைத் தூதரகத்தின் கீழ் வருகிறது. நம் வெளியுறவு அமைச்சகத்தின் 'மதத்' (MADAD) புகார் இணையதளத்திலும் பதியலாம். அவசர விசா நேர்காணலுக்குப் போலீஸ் புகார் எண் கையில் இருந்தால் வேலை சுலபம்.

மகள் போவதற்கு முன் ஒரு தாளில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்: அறைத்தோழி, வீட்டு உரிமையாளர், துறை அலுவலகம், போனின் ஐஎம்இஐ எண். படிப்பு விவரங்களை உங்களிடம் சொல்லலாம் என்ற அனுமதிப் படிவத்தையும் அவள் பல்கலைக்கழகத்தில் கொடுத்துவிடட்டும். இல்லையென்றால் அவசரம் என்று நிரூபிக்கும்வரை தனியுரிமைச் சட்டத்தைக் காட்டி வாயைத் திறக்க மாட்டார்கள். முக்கியமாக, பல்கலைக்கழக போலீசின் பத்து இலக்க எண். திருச்சியில் இருந்து 911 அடித்தால் அங்கே மணி அடிக்காது. அங்கே நேரம் கோடையில் நமக்குப் பத்தரை மணி பின்னால், குளிர்காலத்தில் பதினொன்றரை.