கொமினிகேஷன் கொப்பியில் உங்கள் பாஸ்வேர்ட்: வாசகர் கேள்வி-பதில்

இம்முறை வந்த இணைய மோசடிக் கேள்விகளில் பாதி தபால் பொதியைப் பற்றியவை. அதிலிருந்தே தொடங்குகிறேன்.

புதுக்குடியிருப்பு: கனடாவில் இருந்து அண்ணா பொதி போட்டிருக்கிறார். 'முகவரி பிழை, 100 ரூபா கட்டுங்கள்' என்று தபால் திணைக்களத்தின் பெயரில் குறுஞ்செய்தி வந்தது. லிங்கை அமத்தலாமா?

வேண்டாம். கள்ளனுக்கு உங்கள் 100 ரூபா தேவையில்லை. அதைக் கட்டும்போது நீங்கள் அடிக்கும் கார்ட் இலக்கமும், போனுக்கு வரும் ஒருமுறைக் கோடான ஓடிபியும்தான் தேவை. அண்ணாவைப் பற்றி அவனுக்கு எதுவும் தெரியாது. வன்னியில் கண்ணை மூடிக்கொண்டு வலை வீசினாலும் வெளிநாட்டுப் பொதிக்குக் காத்திருக்கும் ஒருவர் அகப்படுவார். லிங்கின் முகவரியில், தொடக்கத்து இரட்டைச் சாய்கோட்டை (//) விட்டுவிட்டு, முதலாவது தனிச் சாய்கோட்டை (/) தேடுங்கள். அதற்கு இடப்பக்கம் ஒட்டியிருப்பதுதான் தளத்தின் உண்மையான பெயர். தபால் திணைக்களம் என்றால் அது 'டொட் கவ் டொட் எல்கே' (.gov.lk) என்று முடிய வேண்டும். நடுவில் எங்கேயோ 'கவ்' கிடந்தால் கணக்கில்லை. சந்தேகமா, தபாற்கந்தோருக்கு ஒரு நடை போய்க் கேளுங்கள்.

பரந்தன்: இணைய முகவரிக்கு முன்னால் பூட்டுக் குறி இருந்தால் நம்பலாமா?

இல்லை. வழியில் யாரும் எட்டிப் பார்க்க மாட்டார்கள் என்றுதான் பூட்டு சொல்கிறது. போய்ச் சேரும் இடம் கள்ளன் வீடா என்று சொல்லாது.

நெடுங்கேணி: வங்கியில் இருந்து வந்த மின்னஞ்சலில் என் பெயர், அடையாள அட்டை இலக்கம், பிறந்த திகதி எல்லாம் சரியாக இருக்கின்றன. அப்படியென்றால் உண்மைதானே?

இல்லை. அட்டை இலக்கம் தெரிந்தால் பிறந்த திகதியும் தெரியும். பழைய அட்டையில் முதல் 2 இலக்கம் பிறந்த வருடம், அடுத்த 3 அந்த வருடத்தின் எத்தனையாவது நாள் என்பது. பெண்களுக்கு அதில் 500 கூட்டியிருக்கும். 12 இலக்கப் புதிய அட்டையில் வருடம் முழுதாகவே இருக்கிறது. அந்த மின்னஞ்சலுக்குப் பதில் போடாமல், கார்டின் பின்பக்கத்தில் உள்ள இலக்கத்துக்கு அழையுங்கள். ஓடிபியை மட்டும் வங்கி முகாமையாளரே கேட்டாலும் சொல்ல வேண்டாம்.

மல்லாவி: ஜீமெயிலுக்குள் போக முடியவில்லை. பாஸ்வேர்டை மாற்றப் போனால் கோட் யாருடையதோ போனுக்குப் போகிறது. ஹக் பண்ணிவிட்டார்களா?

அந்த இலக்கத்தின் கடைசி 2 எண்களைக் காட்டும், பாருங்கள். கணக்கைத் திறந்து தந்த கொமினிகேஷன் கடையின் இலக்கமாகத்தான் இருக்கும்.

பத்து வருடமாகத் தொண்டை கிழியக் கத்துகிறேன். கடவுச்சீட்டு, கம்பஸ் விண்ணப்பம், வெளிநாட்டு வேலை, எதற்குப் போனாலும் 'ஈமெயில் இருக்கா அம்மா?' என்று கேட்டு, கடைத் தம்பி ஐந்து நிமிடத்தில் ஒன்று திறந்து துண்டில் எழுதித் தருவான். பாஸ்வேர்ட், ஊர்ப் பெயரும் 123-உம். மீட்பு இலக்கம், கடையின் போன். ஏ9 வீதியோரக் கடையொன்றில் என் கண்ணாலேயே பார்த்தேன்: போட்டோகொப்பி மெஷினுக்குப் பக்கத்தில் ஒரு சீ.ஆர். கொப்பி. பெயர், மின்னஞ்சல், பாஸ்வேர்ட், அடையாள அட்டை இலக்கம், எல்லாம் வரிசையாக. அந்த மனிதர் கெட்டவர் இல்லை. மறந்துவிட்டு வருபவர்களுக்கு உதவவென்று எழுதி வைத்திருக்கிறார். சரி, நாளைக்குக் கடை கைமாறினால் கொப்பி யாரிடம் போகும்?

உங்கள் போனோடு அந்தக் கடைக்கே போங்கள். கோடை வாங்கி அங்கேயே பாஸ்வேர்டை மாற்றுங்கள், அதையும் கடைக் கணினியில் அடிக்காமல் உங்கள் போனில். பிறகு பாதுகாப்புப் பகுதியில் கடையின் இலக்கத்தை எடுத்துவிட்டு உங்களுடையதைப் போடுங்கள். தெரியாத சாதனங்களை வெளியேற்றுங்கள். இரண்டு படிச் சரிபார்ப்பைப் போடுங்கள். உங்களுக்கு வரும் மின்னஞ்சல் வேறு முகவரிக்கும் போகும்படி யாராவது வைத்திருக்கிறார்களா என்றும் பாருங்கள். இதை யாரும் பார்ப்பதில்லை.

அடையாள அட்டைப் பிரதி கொடுத்தால் குறுக்கே கோடு போட்டு, இன்ன தேவைக்கு என்று திகதியோடு எழுதுங்கள். பிழைத்த போட்டோகொப்பியைக் கடையில் விடாதீர்கள். யாரோ ஒருவருடைய அட்டைப் பிரதியில் நான் வடை சுற்றி வாங்கியிருக்கிறேன்.

முழங்காவில்: லண்டன் மாமி வட்ஸ்அப்பில் கேட்டார் என்று 6 இலக்கக் கோடை அனுப்பினேன். இப்போது என் வட்ஸ்அப் இல்லை.

கேட்டது மாமி இல்லை. அவருடைய கணக்கும் பறிபோயிருக்கிறது. முதலில் அவருக்குச் சாதாரண அழைப்பெடுத்துச் சொல்லுங்கள். அப்புறம் உங்கள் இலக்கத்தை வட்ஸ்அப்பில் மறுபடி பதியுங்கள். புதுக் கோட் உங்கள் சிம்முக்கே வரும், அதை அடித்ததும் கள்ளன் வெளியே போய்விடுவான். அவன் தன் பின் (PIN) இலக்கத்தைப் போட்டிருந்தால் 7 நாள் காத்திருக்க வேண்டும். இதற்குள் உங்கள் பெயரில் காசு கேட்டிருப்பான் என்று சொந்தங்களுக்குச் சொல்லிவையுங்கள். மறுபடியும் சொல்கிறேன், கோட் யாருக்கும் இல்லை, மாமிக்கும் இல்லை.

ஊர் இல்லை, பெயர் இல்லை: போன் ஹக். என்ன செய்ய?

எந்தப் போன், எதை அமத்தினீர்கள், எதைக் கொடுத்தீர்கள்? ஒன்றும் எழுதாமல் எனக்குச் சாத்திரம் பார்க்கத் தெரியாது. 101-க்கு அழையுங்கள், இணையப் பாதுகாப்பைப் பார்க்கும் அரச அமைப்பான இலங்கை சேர்ட். அங்கேயும் இதைத்தான் கேட்பார்கள்.

மாங்குளம்: இணைத்திருக்கும் மின்னஞ்சல் உண்மையா? பார்ப்பதற்கு வசதியாக என் வங்கி கார்டின் இரண்டு பக்கப் படத்தையும் அனுப்பியிருக்கிறேன்.

மின்னஞ்சல் பொய். படங்களை அழித்துவிட்டேன். கார்டை இன்றைக்கே நிறுத்துங்கள். அழைக்க வேண்டிய இலக்கம் நீங்கள் எனக்கு அனுப்பிய இரண்டாவது படத்தில் இருக்கிறது.