தகவல் கைக்குள் வந்தபிறகு சாமி நம்பிக்கை குறைகிறதா?

கேள்வியைப் பார்த்ததும் எனக்குச் சித்தப்பாவின் கால்தான் ஞாபகம் வந்தது.

நெடுங்கேணிப் பக்கம் எங்கள் வயல். அரிவி வெட்டு நேரம், கணுக்காலில் புடையன் பாம்பு கடித்துவிட்டது. அப்பு காலமென்றால் மேலே கயிற்றால் இறுக்கிக் கட்டி, பார்வை பார்க்கிற பரியாரியிடம் கொண்டோடியிருப்பார்கள். கூடவே பாம்புத் தெய்வமான புதூர் நாகதம்பிரானுக்கு ஒரு நேர்த்தி. இந்த முறை உயர்தரம் படிக்கிற தங்கச்சி, "கட்டாதேங்கோ, காலை ஆட்டாமல் தூக்குங்கோ" என்று கத்தினாள். எப்போதோ போனில் பார்த்த வீடியோவாம். ஆஸ்பத்திரியில் இரத்தத்தைக் கண்ணாடிக் குழாயில் எடுத்து 20 நிமிடம் அசைக்காமல் வைத்தார்கள். பிறகு சரித்தால் தண்ணீர்போல ஓடியது. உறையவில்லை, விசம் ஏறிவிட்டது என்று மருந்து ஏற்றினார்கள். மனிசன் தப்பிவிட்டார்.

அந்த 20 நிமிடமும் சித்தி வாங்கில் இருந்து நாகதம்பிரானைத்தான் கூப்பிட்டுக்கொண்டிருந்தா. அந்த வருடப் பொங்கலுக்குக் குடும்பமே புதூருக்குப் போனது. தங்கச்சியிடம் கேட்டேன், "மருந்துதானே காப்பாற்றினது?" "மருந்து வேலை செய்யும் எண்டு தெரியும் அண்ணா. அந்த ஒழுங்கையால அந்த நேரம் ஒரு ஆட்டோ வந்துதே, அதுக்கு என்ன சொல்லுறியள்?"

எனக்குப் பதில் வரவில்லை. பரியாரியின் பிழைப்புப் போனது உண்மை. நாகதம்பிரானுக்கு ஒரு பானையும் குறையவில்லை.

இது போன் வந்தபிறகு வந்த கதையும் இல்லை. 19ஆம் நூற்றாண்டில் யாழ்ப்பாணத்துக்கு அச்சு இயந்திரத்தைக் கொண்டுவந்தவர்கள் மிஷனரிமார். 1841இல் உதயதாரகைப் பத்திரிகையும் வந்தது. சைவம் தளர்ந்திருக்க வேண்டும், இல்லையா? பேர்சிவல் பாதிரியாருக்கு பைபிள் மொழிபெயர்ப்பில் உதவிய ஆறுமுக நாவலரே 1849இல் சொந்த அச்சுக்கூடம் வைத்துச் சைவ நூல்களாக அடித்துத் தள்ளினார். சைவம் முன்னையைவிட இறுகியது. அடி விழுந்தது கண்ணகிக்கு. சமணக் குடும்பத்துப் பெண்ணைத் தெய்வமாகக் கும்பிடுவதை நாவலர் ஏற்கவில்லை. யாழ்ப்பாணத்தில் பல கண்ணகி கோயில்கள் பிற்பாடு இராஜராஜேஸ்வரி கோயில்களாகின. கும்பிடுவதை ஒருவரும் விடவில்லை, அம்மனின் பெயர்தான் மாறியது. எங்கள் வற்றாப்பளையில் அவள் இன்றும் கண்ணகிதான். வைகாசிப் பொங்கலுக்கு முல்லைத்தீவுக் கடலில் தீர்த்தம் எடுத்து அந்த உப்புத் தண்ணீரில் விளக்கெரிக்கிறார்கள். தண்ணீர் எரியாது என்று ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைக்கும் தெரியும். அந்தப் பிள்ளையும் கூட்டத்தில் நிற்கும்.

நம்பிக்கை செத்ததையும் பார்த்திருக்கிறேன். ஆறு நாளும் கந்தசஷ்டி பிடித்த அயல்வீட்டு அக்கா 2009க்குப் பிறகு கோயில் வாசலை மிதிக்கவில்லை. முள்ளிவாய்க்கால் பங்கருக்குள் அவவுக்கு என்ன தகவல் கிடைத்தது? றேடியோவுக்குப் பற்றரிகூட இல்லை. அதே பங்கருக்குள் இருந்த என் அம்மா முந்தியதைவிடக் கூடக் கும்பிடுகிறா. இரண்டு பேரிடமும் நான் காரணம் கேட்டதில்லை.

சித்தியிடம் இப்போது நல்ல போன் ஒன்று இருக்கிறது. போன கிழமை இரவு குசினிக்குள் ஒன்று வந்துவிட்டது. படத்தைத் தேடி ஒப்பிட்டுப் பார்த்து, "இது விசமில்லாத சாதி, பயப்பிடாதேங்கோ" என்று எல்லாருக்கும் சொன்னா. ஆனால் விடியும்வரை அதைப் 'பூச்சி' என்றுதான் சொன்னா. இரவில் அதன் பெயரைச் சொல்லக்கூடாதாம்.