பாட்டி 22 என்கிறார், நூலில் 23 என்றிருக்கிறது: எதை எழுதுவது?

இரண்டுமே சரி, பாட்டியின் தனுஷ்கோடிப் புயல் நினைவுகளில் தேதியைத் திருத்த வேண்டாம். 1964 டிசம்பர் 22 நள்ளிரவை ஒட்டிப் பாம்பனிலிருந்து கிளம்பிய பயணிகள் ரயில், தனுஷ்கோடியை எட்டுமுன் அலைக்குள் போனபோது நாட்காட்டியில் 23 பிறந்திருந்தது. பொழுது விடிந்தால்தான் மறுநாள் என்பது நம் வீட்டுப் பெரியவர்களின் கணக்கு.

தேதிக்குப் பதிலாகக் கிழமையைக் கேட்டுப் பாருங்கள். செவ்வாய் இரவு என்றால் அது 22 இரவுதான், ஐயமில்லை. கூடவே, காற்று முதலில் வாடையாக (வடகாற்றாக) அடித்து, இடையில் ஓய்ந்து, பிறகு சோழகமாக (தென்காற்றாக) திரும்பியதா என்றும் கேளுங்கள். புயலின் கண், அதாவது காற்று ஓய்ந்திருக்கும் நடுப்பகுதி, கடந்த இடத்தில் அப்படித்தான் திரும்பும் என்பதால், தேதியைவிட இதுவே மதிப்புள்ள செய்தி என்பேன்.

ரயிலில் இறந்தோர் எண்ணிக்கை நூலுக்கு நூல் மாறுகிறது. அதை மட்டும் பாட்டியின் வாய்மொழியோடு கலந்துவிடாதீர்கள்.